நாற்பத்து நான்கு சுற்றுக் காயிலுடன் ஒரகடம் சாலையில் ஒரு ஞாயிறு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்து எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் போய்வந்தது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைச் சாலை. மொத்தம் எழுபத்தொரு கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம், பார்த்த சுற்றுலாத் தலம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். காரின் பின்னால் நீளக் கம்பியை நட்டுக்கொண்டு ரேடியோ பேசக் கிளம்புகிற என் இனத்தார் அங்கங்கே இருக்கிறார்கள். நான் பட்டது அவர்களுக்காவது உதவட்டும்.

எனக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம் பிடித்து ஒன்பது வருடம் ஆகிறது. முறையான லைசென்ஸ் உண்டு, காரிலிருந்து பேச அனுமதியும் உண்டு. எங்கள் நண்பர்கள் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெருமழையில் செல்போன் டவர்கள் படுத்துவிட்டால் எந்தப் பகுதிக்கு யார் காரில் ரேடியோவோடு போவது என்ற பட்டியல். அதில் ஒரகடம் பகுதிக்கு நேரே மட்டும் காலி இடம். அதற்கு என் பெயரைக் கொடுத்தேன். உடனே எழுதிவிட மாட்டார்கள், சோதனை உண்டு. சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள், அந்தப் பகுதியிலிருந்து, நாகர்கோவிலில் இருக்கும் நிலையத்தை ஏழு மெகாஹெர்ட்ஸில் பிடித்து ஒரு செய்தியை ஒப்படைக்க வேண்டும். மூன்று வாய்ப்புதான். இரண்டை நான் ஏற்கெனவே வெற்றிகரமாகத் தவறவிட்டிருந்தேன்.

மூன்றாவதும் போனால் அந்த வரி இந்த மழைக்காலத்துக்கும் காலியாகவே கிடக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு காலி இடம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என் மனைவி கலைவாணியின் தம்பி டில்லிபாபு ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெய்த மழையில் சாலை மூழ்கி, இரண்டாவது ஷிஃப்டுக்குப் போனவன் உள்ளேயே மாட்டிக்கொண்டான். இரண்டு ராத்திரி. போன் இல்லை, தகவல் இல்லை. கலைவாணி கையில் செல்போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்ததை நான் பார்த்தேன். அலமாரியில் என் ரேடியோ சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இனி கம்பி விஷயம். ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு ஒழுங்கான செங்குத்து ஆன்டெனா வேண்டுமென்றால் பத்து மீட்டர் உயரம் வேண்டும். அதைக் காரில் நட்டால் ஊரில் உள்ள அத்தனை மின்கம்பியையும் அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நம்மால் முடிந்தது இரண்டரை மீட்டர். குட்டைக் கம்பி ஒரு கெப்பாசிட்டரைப் போல நடந்துகொண்டு, அனுப்புகிற மின்சக்தியைத் திருப்பி அடிக்கும். கம்பியைச் சுருளாகச் சுற்றிய காயில் அதற்கு நேர் எதிர் குணம் கொண்டது. சரியான அளவில் ஒரு காயிலைக் கம்பியோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ரேடியோவும் சமாதானமாகிவிடும். இதுதான் லோடிங் காயில்.

விடுபட்ட ஏழரை மீட்டர் கம்பியைச் சுருட்டி வைத்திருக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். கலைவாணியும் அப்படித்தான் நினைத்தாள். அவள் தையல்காரி, மடிப்பு வைத்துத் தைத்த மாதிரி என்று புரிந்துகொண்டாள். அது தவறு என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "செரி, அப்போ சுருட்டித்தான் வச்சிருக்கீங்க" என்றாள்.

என் காயில் ஒன்றரை அங்குல பிவிசி குழாயில், இனாமல் பூசிய செம்புக் கம்பியில், நாற்பத்து நான்கு சுற்று. கம்பியின் அடியில் வைக்காமல் நடுவில் வைத்தேன். மின்னோட்டம் அதிகம் ஓடுவது கீழ்ப்பகுதியில்தான். காயிலை மேலே தள்ளினால் அந்தக் கீழ்ப்பகுதி முழுவதும் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், சுற்று இரட்டிப்பாக வேண்டும், நடுவில் கனம் ஏறும், கார் ஓடும்போது ஆடும். இன்னொன்று, இந்த மாதிரி ஆன்டெனா மகா கோபக்காரன். கொஞ்சம் அளவு மாறினாலும் பேச்சு வார்த்தை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியிலும் தெருவிலும் வைத்து அரை சுற்று, கால் சுற்று என்று பிரித்துப் பிரித்துச் சரி செய்தேன். மீட்டர் முள் 1.2-இல் நின்றது. திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டர் அது. ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் சந்தோஷம், மூன்றைத் தாண்டினால் ரேடியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும்.

ஞாயிறு காலை 5.50-க்கு நானும் கலைவாணியும் குன்றத்தூரிலிருந்து கிளம்பினோம். சோமங்கலம், படப்பை வழி. பெட்ரோல் முன்தினமே போட்டாகிவிட்டது, இந்தப் பயணத்துக்கு ஆனது சுமார் 480 ரூபாய். அந்த நேரத்தில் சாலையில் கம்பெனி பஸ்களைத் தவிர யாரும் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் கம்பியைப் பார்த்து விழித்துக்கொண்டார்கள். கலைவாணி துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். வெயிலே இல்லை.

6.40-க்கு வடக்குப்பட்டு. இருபத்தாறு கிலோமீட்டர். மாமியார் வீட்டில் இட்லி, வடகறி. அங்கே போய் நாலு இட்லியோடு எழுந்தவன் எவனும் கிடையாது, எட்டுக்குக் குறைந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். நான் ஐந்தாவதில் இருந்தபோது டில்லி எழுந்து வெளியே போனான். டில்லிக்கு இருபத்தெட்டு வயது. அசெம்ப்ளி லைனில் கடைசி ஸ்டேஷனில் தர சோதனை அவன் வேலை. அவன் பார்த்து மார்க் போடாமல் ஒரு போல்ட் அந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியே வராது. நான் எட்டாவது இட்லியை முடித்தபோது கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"மாமா, அந்தக் கம்பிக்கு நடுவுல கீற டப்பா ஆடிக்கினு இருந்துது. வண்டி எம்பதுல போனா பிச்சிக்கினு பூடும். செட் பண்ணிட்டேன்."

போய்ப் பார்த்தேன். காயில் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மழை நீர் புகாதபடி அவ்வளவு அழகாகச் சுற்றியிருந்தான். அடியில் இருந்த போல்ட்டில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு. அவன் தொழிற்சாலையில், இறுக்கிப் பார்த்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பொழுதுபோக்கை மதித்து இந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. "நீயும் வாடா மச்சான்" என்று அவனையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். அன்று அவனுக்கு லீவு.

7.35-க்கு ஒரகடம் மேம்பாலம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பும் சாலையில் ஓரங்கட்டினேன். மைக்கை எடுத்து அழுத்தினேன். முள் ஒரே தாவில் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பத்துக்கு மேல். மேலே பார்த்தேன், உயரழுத்த மின்கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. "இதான் காரணம், இங்கே இருந்தா வேலைக்கு ஆகாது" என்று பெரிய விஞ்ஞானி போலச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

7.50-க்கு புதுக் கார்களை நூற்றுக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு மைதானத்தின் வேலியோரம். முள் அதே இடத்தில். இவ்வளவு உலோகம் பக்கத்தில் இருந்தால் எந்த ஆன்டெனா ஒழுங்காக இருக்கும் என்றேன். 8.05-க்கு ஒரு வேப்பமரம் மட்டும் இருந்த இடம். முள் அசையவில்லை. ஈரமான இலை என்றேன். கலைவாணி செல்போனில் மணியைப் பார்த்தாள். என்னிடம் காரணங்கள் தீர்ந்துகொண்டே வந்தன, நேரமும்தான்.

8.25-க்குப் பென்னலூர். ஒரு தொழிற்சாலையின் பக்கவாட்டுக் கேட்டுக்கு எதிரே அகலமான காலி மனை. மேலே கம்பி இல்லை, பக்கத்தில் கார் இல்லை, மரம் இல்லை. குற்றம் சொல்ல எதுவுமே இல்லாத இடம். இங்கேயும் முள் வலது ஓரத்துக்கே போய் முட்டிக்கொண்டது.

கேட்டிலிருந்து செக்யூரிட்டி இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் திருநெல்வேலி.

"என்ன சார், ட்ரோன் பறக்க விடுதீயளா? இங்க அதுக்குப் பெர்மிஷன் கெடையாது."

ரேடியோ என்று சொல்லி லைசென்ஸைக் காட்டினேன். பொறுமையாக முழுவதையும் படித்தார். "நம்ம எடம் இல்ல இது, நில்லுங்க. ஆனா கம்பிய மட்டும் நம்ம கேட்டப் பாத்து நீட்டாதீய" என்று சொல்லிவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

8.33. ரேடியோவில் நாகர்கோவில் நிலையத்துத் தாணு அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு பகுதியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டார். நான் கத்தினேன். நாகர்கோவில் நேர்க்கோட்டில் அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் குரல் எதிரே இருந்த கேட்டைத் தாண்டியிருக்காது. "ஒரகடம் பதில் இல்ல, அடுத்தாப்பில கூப்பிடுதேன்" என்றார்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பின்சீட்டிலிருந்து டில்லி தன் தொழிலை ஆரம்பித்தான்.

"மாமா, டென்சன் ஆவாத. லைன் நின்னா நாங்க ஒய்-ஒய் போடுவோம். ஏன், ஏன்னு கேட்டுக்கினே போனா காரணம் வந்து நிக்கும். சொல்லு, ஏன் பேச முடில?"

"மீட்டர் ஏறுது."

"ஏன் ஏறுது?"

"ஆன்டெனா அளவு தப்பிப் போச்சு."

"ஏன் தப்பிச்சி?"

"காயில் மதிப்பு மாறியிருக்கணும்."

"ஏன் மாறிச்சி?"

"தெரிஞ்சா நான் ஏன்டா இப்படி உக்காந்திருக்கேன்?"

"அப்போ ஃபோர் எம் பாப்போம். நேத்து ஓகே, இன்னிக்கி ரிஜெக்ட். நடுவுல இன்னா மாறிச்சி? ஆளு மாறினானா, மெஷினு மாறிச்சா, மெட்டீரியல் மாறிச்சா, மெத்தட் மாறிச்சா? எதுனா ஒண்ணு மாறி இருக்கும் மாமா, கண்டிப்பா. எவனோ கைய வச்சிருக்கான். எங்க லைன்ல எத்தினி பேரைப் புடிச்சிருக்கேன் தெரியுமா?"

"யாரும் கை வைக்கலடா. நீ டேப் சுத்தினதைத் தவிர ஒண்ணும் மாறல. பிளாஸ்டிக் டேப்பால ஒண்ணும் ஆகாது."

கலைவாணி கதவைத் திறந்து இறங்கினாள். நேரே பின்னால் போய்க் கம்பியைச் சாய்த்துப் பிடித்து, துணியில் தையல் பிசிறு பார்ப்பதுபோல டேப் மேல் விரலை ஓட்டினாள். விரல் மூன்று இடத்தில் நின்றது.

"டேய். இங்க புடைச்சிக்கினு கீது. உள்ள இன்னாடா வச்ச?"

"கிளாம்ப்பு க்கா."

"எத்தினி?"

"மூணு." அவன் குரலில் இன்னமும் பெருமைதான். "ஹோஸ் கிளாம்ப்பு. எல்லாம் எஸ்.எஸ். துருவே புடிக்காது."

கார் தொழிற்சாலைக்காரன் எவனும் அதைத்தான் செய்வான். ஆடுகிற எதையும் வளையம் போட்டு இறுக்கு, டேப் சுற்று, மஞ்சள் கோடு போடு. தண்ணீர்க் குழாய்க்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. காயிலுக்கு அதைவிட மோசமான சாவு கிடையாது. காயிலைச் சுற்றி மூடிய உலோக வளையம் ஒன்று வந்தால் அதுவும் ஒரு சுற்றுக் காயில் ஆகிவிடும். அதற்குள் எதிர்த்திசையில் மின்சாரம் ஓடி, உள்ளே இருக்கும் காயிலின் பலத்தைத் தின்னும். நாற்பத்து நான்கு சுற்று முப்பத்துச் சொச்சமாக நடந்துகொள்ளும். என்னிடம் மூன்று வளையங்கள், அத்தனையும் துருப்பிடிக்காதவை.

"காயிலைச் சுத்தி இரும்பு வளையம் போடலாமாடா?" என்று கத்தினேன்.

"இரும்பு இல்ல மாமா, எஸ்.எஸ்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. மணி 8.42. டில்லி முகம் மெல்ல மாறியது. அவனுடைய விசாரணை அவனிடமே வந்து முடிந்திருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒரு சாக்கும் சொல்லவில்லை. இறங்கி, பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, டேப்பைக் கிழித்தான். ஓரத்தில் இருந்த இரண்டு கிளாம்ப்பும் கழன்றன. நடுவில் இருந்தது திரும்பவில்லை.

"இதுக்கு மட்டும் த்ரெட் லாக்கு பசை விட்டேன் மாமா. கழலவே கூடாதுன்னு."

வெட்டித்தான் எடுக்க வேண்டும். செக்யூரிட்டியிடம் கட்டிங் பிளையர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. நான் ஓடினேன், அவர் நடந்தார். அறைக்குள் போய், நீளமான ரெஜிஸ்டரைத் திறந்து, பேனாவைத் தேடினார்.

"டூல் வெளிய போனா என்ட்ரி போடணும். பேரு சொல்லுங்க. செல் நம்பர். எந்த டிபார்ட்மென்ட்?"

"டிபார்ட்மென்ட் எல்லாம் இல்லைங்க, வெள்ளம் வந்தா ஆளுங்களுக்குத் தகவல் சொல்ற வேலைங்க!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போன தடவ நானும் இந்த ரூம் கூரை மேலதான் கெடந்தேன்" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பிளையரைக் கையில் கொடுத்தார். ஒரு செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் ஒரு வரியை எழுதாமல் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தொழிற்சாலைக்காரனான டில்லிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாயைப் பிளந்து பார்த்தான்.

செம்புக் கம்பியில் கீறல் விழாமல் கிளாம்ப்பை வெட்ட ஆறு நிமிடம் ஆயிற்று. வெட்டியது டில்லிதான். நான் கம்பியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். 8.53-க்கு மைக்கை அழுத்தினேன். முள் மெதுவாக ஏறி 1.3-இல் நின்றது.

8.55. "ஒரகடம், கடைசித் தடவயா கூப்பிடுதேன்" என்றார் தாணு அண்ணன். நான் பதில் சொன்னேன். இரண்டு விநாடி வெறும் இரைச்சல். பிறகு, "ஏ, கேக்கு! நல்லா கேக்கு! எங்கவே போனீரு இவ்வளவு நேரம்? செய்தி சொல்லும். யாருக்கு, என்னன்னு."

நான் எழுதி வைத்திருந்தது 'ஒரகடம் பகுதியில் நிலைமை சீர்' என்ற உப்புச்சப்பில்லாத ஒரு வரி. அதை எடுக்கப் போனவன் டில்லியைப் பார்த்தேன். மழை வந்தால் மாட்டுகிற ஆள் அவன்தான், செய்தியும் அவனுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. லைசென்ஸ் இல்லாதவன் கையில் மைக் கொடுக்க மனமில்லை, அதனால் அவன் சொல்லச் சொல்ல நான் அனுப்பினேன்.

"கலைவாணி, குன்றத்தூர்னு போடு மாமா." அக்காவைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துச் சொன்னான். "நல்லா கீறேன். கேன்டீன்ல சோறு போட்டாங்கோ. ஒண்ணும் ஆவல. அம்மா கிட்ட சொல்லு. அழாத."

செய்தியைச் சரிபார்க்கத் திருப்பி வாசிக்க வேண்டும் என்பது முறை. தாணு அண்ணன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கனத்த குரலில் வாசித்தார். டில்லியின் சொற்கள் நாகர்கோவில் போய், கார் ஸ்பீக்கர் வழியாக அவன் அக்காவுக்கு இரண்டடி தூரத்தில் வந்து இறங்கின. "அழாத" என்று அவர் முடித்தபோது மணி 8.58. "சரியா இருக்கா?" என்று கேட்டார். சரி என்றேன். "ஒரகடம் பேரு ஏத்தியாச்சு" என்றார். கலைவாணி காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். டில்லி என் காதில், "திட்டுவாளா மாமா?" என்றான். பிளையரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியையும் சேர்த்து நாலு டீ குடித்தோம், அறுபது ரூபாய். வெட்டிய கிளாம்ப்பை டில்லி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், திங்கட்கிழமை லைன் மீட்டிங்கில் காட்டப் போகிறானாம்.

இதே மாதிரி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காயிலைக் கம்பியின் நடுவில் வையுங்கள், ஆடாமல் இருக்க நைலான் கயிற்றால் கூரைக்கு இழுத்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை, டேப், பசை எது வேண்டுமானாலும் போடலாம், உலோக வளையம் மட்டும் கூடவே கூடாது. சரிசெய்த அதே காரில், அதே இடத்தில் மாட்டித்தான் பேச வேண்டும். மீட்டர் திடீரென்று ஏறினால் மின்கம்பியையும் மரத்தையும் திட்டுவதற்கு முன்னால் நேற்றிலிருந்து என்ன மாறியது என்று கேளுங்கள், டில்லியின் அந்தக் கேள்வி நூற்றுக்கு நூறு சரி. ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஞாயிறு ஏழு மணிக்கு மேல் லாரிகள் அதிகம், அதற்கு முன் போய்விடுங்கள். பென்னலூர் காலி மனைகள் பேசுவதற்கு மிக நல்ல இடம். எந்தக் கேட்டுக்கு எதிரே நின்றாலும் செக்யூரிட்டியிடம் முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள். சாப்பிடும்போது ஆன்டெனாவை உங்கள் கண்ணில் படும்படி வையுங்கள்.

10.05-க்கு டில்லியை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டோம். அவன் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "க்கா, கோவமா?" என்றான். அவள் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அங்கிருந்து குன்றத்தூர் வரை அவள் துப்பட்டாவால் முகத்தை மூடவே இல்லை. 11.20-க்கு எங்கள் தெருவில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சேதி ரெண்டு வருஷம் லேட்டா வந்துது" என்றாள். "பரவால்ல. வந்து சேந்துச்சே."